நம்பாதவர் பகடை உருட்டட்டும்

நெருப்புப் பந்துக்கு விதி எழுதுவது சுலபம். 20 அடி ஆரை, எட்டு ஆறுமுகப் பகடை, பாய்ந்து விலகத் தெரிந்தவருக்குப் பாதிச் சேதம். அவ்வளவுதான். கூட்டல் கணக்குத் தெரிந்தால் போதும், மேசையில் யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

இப்போது ஒருத்தி சொல்கிறாள்: "நான் இந்தப் பாதையில ஒரு சுவர் இருக்கிறமாதிரிக் காட்டுறன்." உண்மையில் அங்கே சுவர் இல்லை. அது யாரையும் அடிக்காது, எரிக்காது. துரத்தி வருகிற அரக்கன் நம்பினால் சுவர் இருக்கிறது, நம்பாவிட்டால் இல்லை. அவன் நம்பினானா இல்லையா என்று யார் சொல்வது?

ரோல்பிளே விளையாடாதவர்களுக்கு ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் உலகத்தையும், எதிரிகளையும், வானிலையையும் நடத்துவார். ஜெர்மனில் அவரை ஷ்பீல்லைட்டர் என்பார்கள். எங்கள் மேசையில் அவருக்குப் பெயர் கதைசொல்லி. என்ன நடக்கிறதென்று பேசிப் பேசித் தீர்மானிப்போம், சந்தேகமான இடத்தில் பகடை உருட்டுவோம். கதைசொல்லிக்கு நிறைய அதிகாரம் இருக்கும். அதனால்தான் விதிப்புத்தகம் தேவைப்படுகிறது.

நாங்கள் கூடுவது ஒல்டனில். காரணம் உங்களுக்கே தெரியும்: பாசல், பேர்ண், சூரிச், லுசேர்ன் எங்கிருந்து வெளிக்கிட்டாலும் அரை மணித்தியாலம் சொச்சம். அதனால் ஆட்களின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது. பாசல் தங்கச்சி, லுசேர்ன் தம்பி, பேர்ண் அண்ணா, ஆராவில் இருந்து ஒரு சுவிஸ் நண்பன். எங்கள் அம்மா அப்பாமார் புங்குடுதீவு மாமா, கரவெட்டி அன்ரி என்று சொல்வதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள்தான் நாங்களும்.

பாசல் தங்கச்சி எங்களிடம் வருவதற்கு முன்பு வேறொரு மேசையில் மாயக்காரியாக விளையாடியவள். அங்கே அவள் கட்டிய சுவரை அரக்கன் நம்பவில்லை. "அவன் கெட்டிக்காரன்" என்றாராம் கதைசொல்லி. அடுத்த முறை ஒரு குழியைக் காட்டினாள். அது வேலை செய்தது, ஏனென்றால் அன்றைக்குக் கதைக்கு அது தேவைப்பட்டது. மூன்றாம் முறை திரும்பவும் இல்லை. நாலாம் முறை அவள் பாத்திரத்தையே மாற்றி நெருப்புப் பந்து எடுத்துக்கொண்டாள். "மற்ற ஆக்கள் மந்திரம் போடுறாங்கள் அக்கா, நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த அண்ணையிட்டப் பெர்மிஷன் கேக்கிறன். அது மந்திரம் இல்லை, விண்ணப்பம்" என்றாள்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. அந்தக் கிழமையே மாயத்துக்கு எங்கள் மேசைக்கென்று விதி எழுதத் தொடங்கினோம்.

முதலில் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. (கைகாக்ஸின் அப்பா சுவிஸிலிருந்து குடிபெயர்ந்து போன வயலின் கலைஞர். ஆக, இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவரும் ஒரு இரண்டாம் தலைமுறை. அவர் வாழ்ந்த ஊரின் பெயர் லேக் ஜெனீவா, விஸ்கான்சின் மாநிலம். 1968இல் அங்கே தொடங்கிய விளையாட்டு மாநாட்டுக்கு ஜென் கொன் என்று பெயர் வைத்தார்கள்: ஊர்ப் பெயரும் ஆயிற்று, ஜெனீவா உடன்படிக்கை மீது ஒரு பகிடியும் ஆயிற்று.) அந்த முதல் புத்தகத்திலேயே மாயத் தோற்ற மந்திரம் ஒன்று இருந்தது. அதன் விதி: பார்ப்பவர் உண்மையென்று நம்பினால், மாயம் செய்யும் சேதமும் உண்மை. 1975இல் பீட்டர் ஆரன்சன் என்பவர் ஒரு சஞ்சிகையில் மாயக்காரருக்கென்றே தனி வகுப்பை எழுதினார். ஆனால் அரக்கன் நம்பினானா என்ற கேள்வி அப்படியே கதைசொல்லியின் கையில் கிடந்தது.

விளையாடுகிறவர்கள் அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். எதைக் கண்டாலும் "நான் நம்பேல்ல" என்று சொல்வது. டிராகன் வந்தாலும் நம்பேல்ல, கதவு பூட்டியிருந்தாலும் நம்பேல்ல. சொல்வதற்குச் செலவில்லை, சொல்லாமல் விட்டால்தான் நட்டம். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இதைத் தடுக்கப் பார்த்தது: மாயத்தை உன்னிப்பாகப் பார்த்தால், அல்லது அதோடு ஏதாவது ஊடாடினால் மட்டும்தான் உனக்குப் பகடை. நல்ல யோசனை. ஆனால் ஊடாடுவது என்றால் என்ன? உற்றுப் பார்ப்பதா, கல்லெறிவதா, சுவரோடு கதைப்பதா? அதற்கே ஒரு புதுச் சண்டை. 2014இன் ஐந்தாம் பதிப்பு கொஞ்சம் தெளிவு. கையை விட்டுப் பார்த்தால் கை உள்ளே போகும், மாயம் வெளிப்பட்டுவிடும். தொடாமலே கண்டுபிடிக்க வேண்டுமானால் உன் முறையைச் செலவழித்து ஆராய வேண்டும், மந்திரக்காரியின் எண்ணைப் பகடையால் எட்ட வேண்டும்.

உன் முறையைச் செலவழித்து என்பதுதான் எங்களுக்குப் பிடித்தது. சந்தேகத்துக்கு ஒரு விலை.

ஏன் விலை வேண்டும் என்பதற்கு லுசேர்ன் தம்பி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். நெருப்புப் பந்தும், பெரிய மாயத் தோற்றம் காட்டுகிற மேஜர் இமேஜும் ஒரே நிலை மந்திரங்கள், இரண்டும் மூன்றாம் நிலை. ஐந்து கோப்ளின்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 7 உயிர்ப்புள்ளி. நெருப்புப் பந்தின் சராசரிச் சேதம் 28, விலகித் தப்பினாலும் 14. ஐந்தும் சரி. இப்போது மாயம். மந்திரக்காரியின் எண் 15 என்று வைப்போம். 20 முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ 30 வீத வாய்ப்பு. ஐந்து கோப்ளின்களுக்கும் இலவசமாக ஒவ்வொரு உருட்டல் கொடுத்தால், ஐந்துமே ஏமாறுகிற வாய்ப்பு 0.7ஐ ஐந்து முறை பெருக்கி வருவது. 17 வீதம்கூட இல்லை. ஒன்று கண்டுபிடித்துக் கத்தினால் மற்ற நாலும் உசாராகிவிடும். ஒவ்வொரு கோப்ளினுக்கும் தனித்தனியாகப் பார்த்தால் விதி நியாயமாகத்தான் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் மாயக்காரிக்கு வேலையே இல்லை. கணக்கு இவ்வளவு கோபமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

விலை எவ்வளவு என்பதற்கு எங்களிடம் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. இந்திரப்பிரஸ்தத்தில் மயன் கட்டிய சபையில் துரியோதனன். பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து உடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சந்தேகத்தின் முதல் விலை: சிரிப்பு. பிறகு உண்மையான தண்ணீரைப் பளிங்கு என்று நினைத்துக் காலை வைத்தான், விழுந்தான். அது நம்பிக்கையின் விலை. அந்த மண்டபத்தில் எதை நம்பினாலும் செலவு, நம்பாவிட்டாலும் செலவு. விளையாட்டு வடிவமைப்பாளராக மயனுக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

புதன்கிழமைப் பின்னேரம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கம்பராமாயணம் படித்தபோது நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள்தான். விதி எழுதும்போது திரும்பவும் எடுத்தேன். யுத்த காண்டம் மாயத்துக்கு ஒரு முழு விதிப்புத்தகம். எங்கள் மேசை விதிகளில் பாதி அங்கிருந்து வந்தவை.

மாயா சீதைப் படலத்தை எடுங்கள். இந்திரசித்து சீதையைப்போல ஒரு உருவைச் செய்து, அனுமனின் கண் முன்னாலேயே வெட்டுகிறான். அனுமன் நம்பிவிடுகிறான். அனுமன் மொக்கனா? அசோகவனத்துக்குப் போய்ச் சீதையோடு கதைத்துவிட்டு வந்தவன். அவளை நேரில் கண்டு அடையாளம் தெரிந்த ஆள். "கெட்டிக்காரன், அதனால் நம்பேல்ல" என்ற விதி அங்கேயே விழுந்துவிடுகிறது. கெட்டிக்காரன், அன்புள்ளவன், தூரத்தில் நிற்கிறான், தொட்டுப் பார்க்க ஏலாது. நம்பாமல் என்ன செய்வான்?

செய்தி கேட்டு இராமன் சாய்கிறான், படை கலங்குகிறது. சந்தேகப்படுகிறவன் வீடணன். அவனுக்குக் காரணம் இருக்கிறது: இலங்கையில் பிறந்து வளர்ந்தவன், அண்ணன் மகனின் வேலைகள் தெரிந்தவன். ஆனால் கம்பனில் அவன் "எனக்குத் தெரியும், இது மாயம்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவதில்லை. வண்டு உருவெடுத்து அசோகவனத்துக்குப் பறந்து போய், சீதை உயிரோடு இருப்பதைக் கண்ணால் கண்டு திரும்பி வருகிறான். காரணம், செலவு, சோதனை மூன்றும் இருக்கிறது. அதற்குள் இந்திரசித்து நிகும்பலைக்கு வேள்வி செய்யப் போய்விட்டான். மாயா சீதையின் நோக்கமே அதுதான். அது ஒருவரையும் கொல்லவில்லை, நேரத்தைத் திருடியது. மாயத்தின் சேதத்தை உயிர்ப்புள்ளியில் அளக்காதே, எதிரி இழக்கும் முறைகளில் அள. இது எங்கள் தாளில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு வண்டுப் படத்தோடு.

பொன்மானைப் பற்றியும் கதைத்தோம். இலக்குவன் உடனேயே சந்தேகப்பட்டான், அவன் சந்தேகம் சரியும்கூட. ஆனால் சீதைக்கு அந்த மான் வேண்டும், முடிவெடுப்பவன் அண்ணன். ஆசைப்பட்ட பொருளாக வருகிற மாயத்துக்கு எதிராகப் பகடை உருட்டுவது கடினம், அதற்கு இரண்டு புள்ளி கூட்டலாம் என்றேன். லுசேர்ன் தம்பி கையைத் தூக்கினான். "அக்கா, மாரீசன் தன்ர உடம்பைத்தான் மாத்தினவன். அது டிரான்ஸ்மியூட்டேஷன். இல்யூஷன் இல்லை." பதினைந்து வயது. ஆசைக்கு இரண்டு புள்ளி என்ற விதி மட்டும் நின்றது, மானை அடித்துவிட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்தது மாயா சனகப் படலம். மருத்தன் என்ற அரக்கன் சனகனைப்போல உருவெடுத்துச் சீதை முன்னால் வருகிறான். அப்பா பிடிபட்டுவிட்டார் என்று அவள் அழுகிறாள். அதாவது நம்பிவிட்டாள். பிறகு அந்த "அப்பா" இராவணனுக்கு இணங்கிப் போ என்று சொல்கிறான். சீதை அவனைக் கிழித்து எறிகிறாள். அவன் போலி என்று தெரிந்தல்ல, அதைத் திரிசடை பிறகுதான் சொல்கிறாள். அப்பாவே சொன்னாலும் அது பிழை என்பதால். மாயத்தை நம்புவது ஒன்று, மாயம் சொன்னபடி செய்வது வேறொன்று. நான் பார்த்த விதிகளில் இந்த இரண்டையும் ஒரே உருட்டலில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். பேயைக் கண்டதும் எல்லாரும் ஓடுவதில்லை. சிலர் கல்லெடுப்பார்கள், சிலர் தேவாரம் பாடுவார்கள்.

இதிலிருந்து துண்டு விதி வந்தது. மாயம் போடுகிறவர் மந்திரத்துக்கு முன்பு ஒரு சின்னத் துண்டில் இரண்டு வசனம் எழுதவேண்டும்: எந்தப் புலன்களுக்குக் காட்டுகிறேன், எதிரி என்ன செய்யவேண்டும். கதைசொல்லியும் தன் துண்டில் எழுதவேண்டும்: இந்த எதிரிக்குச் சந்தேகம் வர என்ன காரணம் இருக்கலாம். இரண்டையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பகடை. காரணம் எழுதாத கதைசொல்லி சந்தேகப்பட ஏலாது. பகடை விழுந்த பிறகு காரணம் தேடவும் ஏலாது. ஆராவ் நண்பன் இதற்கு புரொட்டோக்கோல் என்று பெயர் வைத்தான். இரண்டு சுவிஸ்காரர் சந்தித்தால் ஒரு புரொட்டோக்கோல் எழுதுவார்கள் என்று நாங்கள் அவனைப் பகிடி பண்ணினோம், ஆனால் அது நல்லாக வேலை செய்கிறது.

ஒரு முறை ஒரு பூதம் காவல் காக்கிற வாசல். பாசல் தங்கச்சி மாட்டு மணிச் சத்தம் போட்டாள், வேறொன்றும் இல்லை. அவள் துண்டில் இருந்தது: "காதுக்கு மட்டும். அவன் கதவைத் திறக்கவேணும். மாடு வந்திட்டுது எண்டு நம்பவேணும் எண்டில்லை." ஒவ்வொரு நாளும் மணி கேட்டால் கதவு திறக்கிற பூதம் அது. அன்றைக்குக் கதைசொல்லியாக இருந்த நான் என் துண்டில் எழுதியது: "மாட்டு வாசம் வரவில்லை. பூதத்துக்கு மூக்கு பெரிது." காரணம் சரிதான், பூதத்துக்கு உருட்டல் கிடைத்தது. விழுந்தது 4. கதவு திறந்தது. பழக்கத்தை ஏமாற்றுவது கண்ணை ஏமாற்றுவதைவிடச் சுகம் என்பதை அவள்தான் எங்களுக்குக் காட்டினாள்.

புலன்களைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஆராவ் நண்பன் சின்ன வயதிலிருந்து விளையாடுவது டாஸ் ஷ்வார்ட்ஸெ ஆவுகெ, 1984இல் ஜெர்மனியில் வந்தது. அதில் ஒரு மந்திரம் செய்ய 20 முகப் பகடை மூன்றை உருட்டவேண்டும். மாயத்துக்கான ஒரு மந்திரத்தின் பெயர் ஆவுரிஸ் நாசுஸ் ஒக்குலுஸ். லத்தீனில் காது, மூக்கு, கண். அந்தப் பெயரில் தொடுகை இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் அப்படித்தான்: கீழ்நிலையில் உருவம் மட்டும் அல்லது சத்தம் மட்டும், மேஜர் இமேஜுக்குப் போனால் சத்தம், மணம், சூடு எல்லாம் வரும். ஆனால் கையை வைத்தால் கை உள்ளே போய்விடும். தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவால் பிரித்திருப்பதைப் படித்திருப்பீர்கள். ஓரறிவு தொடுகை, இரண்டு நாக்கு, மூன்று மூக்கு, நாலு கண், ஐந்து காது, ஆறு மனம். அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தால் கிட்டத்தட்ட மாயத்தின் விலைப்பட்டியல். மனத்தையும் கண்ணையும் காதையும் ஏமாற்றுவது மலிவு. புல்லுக்கும் மரத்துக்கும் இருக்கிற அந்த முதல் அறிவை ஏமாற்றுவதுதான் கடினம். (தும்பிக்கு அந்தக் கணக்கில் நாலறிவு, கண் உண்டு, காது இல்லை. வண்டாகப் போன வீடணனுக்குக் கண் மட்டும் போதுமாயிருந்தது.)

மாயம் என்று தெரிந்த பிறகு என்ன நடக்கும் என்பதில் பெரிய இழுபறி. ஐந்தாம் பதிப்பில் கண்டுபிடித்தவருக்கு அந்த உருவம் மங்கிப்போய், அதனூடாகப் பார்க்கலாம். பேர்ண் அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரு கடதாசியில் ஒரு பெட்டி வரைந்தார், பன்னிரண்டு கோடு, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் பின்னாலும் பின்பக்கம் முன்னாலும் போய் வரும். நெக்கர் கனசதுரம். ஜெனீவாவில் பிறந்த லூயி அல்பேர்ட் நெக்கர், 1832இல், பளிங்குகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கவனித்தது. "இது தட்டையான கடதாசி எண்டு உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சும் ஏன் துள்ளுது?" என்றார். தெரிந்தாலும் கண் கேட்காது. ஆகவே எங்கள் விதியில் மாயம் மங்குவதில்லை. பொய் என்று தெரிந்த பாலத்தில் பாத்திரம் கால் வைக்க மாட்டாது, ஆனால் பாலம் தெரிந்துகொண்டேயிருக்கும், அதற்குப் பின்னால் நிற்பவனை இன்னும் மறைக்கும். பாசல் தங்கச்சிக்கு இந்த விதியில் பெரிய சந்தோசம்.

இவ்வளவும் மாயக்காரிக்கு நியாயம் செய்யும் விதிகள். மற்றப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பது எங்களுக்கு ஒரு மாரிகாலத்து ஞாயிற்றுக்கிழமை விளங்கியது.

கதையில் ஒரு தூதுவன் வந்தான். கிழிந்த உடுப்பு, கையில் ஒரு முத்திரை, அதுவும் பாதி உடைந்தது. தன் ஊருக்குப் படை வருகிறது, உதவி வேண்டும் என்றான். அவன் உண்மையான ஆள். ஆனால் முந்தைய மூன்று ஆட்டத்திலும் மாயங்களால் அடிவாங்கிய எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எத்தனை குதிரை? முதலில் நாற்பது என்றாய், இப்ப ஏன் ஐம்பது என்கிறாய்? முத்திரையை யார் உடைத்தது? கடைசியில் மாயம் என்று முடிவெடுத்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த ஊர் இல்லை.

மேசையில் கொஞ்சநேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு பேர்ண் அண்ணா தன் அப்பாவின் விசாரணையைப் பற்றிச் சொன்னார். அவர் அப்பா ஒரு சம்பவம் "மாசி மாதம்" நடந்தது என்றார். ஒரு தடவை மொழிபெயர்ப்பில் அது பெப்ரவரி என்று போனது, மற்றத் தடவை மார்ச் என்று. இரண்டுமே பிழை இல்லை. பெப்ரவரியை மாசி என்று சொல்வதும் வழக்கம், பஞ்சாங்கத்து மாசி மார்ச் நடுப்பகுதி வரைக்கும் போகும். ஆனால் தாளில் அது முரண்பாடு. அந்த ஒரு சொல்லைச் சரிப்படுத்தப் பல வருசம் எடுத்தது.

சுவிஸ் அடைக்கலச் சட்டத்தின் 7ஆம் உறுப்புரையை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டில் யாராவது அதற்குள்ளால் வந்திருப்பார்கள். அடைக்கலம் கேட்பவர் தான் அகதி என்பதை நிரூபிக்கவேண்டும், அல்லது குறைந்தது நம்பத்தக்கதாகக் காட்டவேண்டும். முழு நிச்சயம் தேவையில்லை, அதுதான் பெரும்பாலும் உண்மை என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும். முக்கியமான இடங்களில் ஆதாரம் போதாத, தனக்குள்ளேயே முரண்படுகிற, உண்மை நிலவரத்தோடு பொருந்தாத, அல்லது பொய்யான ஆவணங்களில் தங்கியிருக்கிற கூற்று நம்பத்தக்கதல்ல. கிளவ்ப்ஹாஃப்ட் என்ற அந்தச் சொல் ஜெர்மன் சரியாக வராத எங்கள் மாமாமாருக்கும் தெரியும்.

அதை வாசித்தபோது எனக்கு இரண்டு யோசனை. ஒன்று, சந்தேகத்துக்கான காரணங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். "எனக்கு அப்படித் தோன்றியது" என்பதைவிட இது எவ்வளவோ மேல், எங்கள் துண்டு விதியும் இதைத்தான் செய்யப் பார்க்கிறது. இரண்டு, காரணம் எழுதியிருந்தாலும் மாசிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு மனிதன் விழுந்துவிடலாம். எங்கள் ஆட்களும் தூதுவனைக் காரணத்தோடுதான் சந்தேகப்பட்டார்கள். நாற்பதா ஐம்பதா என்பது நல்ல கேள்வி. பயந்து ஓடிவந்தவன் குதிரைகளை எண்ணிக்கொண்டா ஓடியிருப்பான் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு புது விதி வந்தது. உண்மையான பொருளையோ ஆளையோ சந்தேகப்பட்டாலும் அதே பகடை, அதே செலவு. கதைசொல்லி திரைக்குப் பின்னால் உருட்டுவார். எண் குறைவாக விழுந்தால், "உனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியேல்ல" என்று மட்டும் சொல்வார், "இது மாயம்" என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். நிச்சயம் இல்லாதபோது என்ன செய்கிறாய் என்பது உன் கையில். இன்னொன்று, கேள்வி கேட்கப்படுகிறவனுக்கும் ஒரு உருட்டல் உண்டு. முரண்பாடு என்று யாராவது சொன்னால் அவன் அதை விளக்கலாம்.

லுசேர்ன் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. மாயமாக வருகிறவனும் இதே உருட்டலை எடுப்பான், அப்படியானால் பொய்க்காரனுக்கும் உதவி செய்கிறோம் என்றான். உண்மைதான். அவனுக்கு நல்ல பதில் ஒருவரிடமும் இல்லை. இரண்டு பிழைகளில் எது மோசம், போலியை உள்ளே விடுவதா உண்மையானவனை வெளியே விடுவதா என்று ஒல்டன் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து நடந்து கதைத்தோம், அவன் ரயில் வந்துவிட்டது.

முதல் எழுதியபோது தூதுவனுக்கு ஒரு விளக்க உருட்டல்தான் இருந்தது. பேர்ண் அண்ணா கேட்டு இப்போது இரண்டு. அடைக்கல வழக்குகளின் மேன்முறையீட்டை விசாரிக்கிற கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் செங்காளனில் இருப்பதால் இரண்டாவதற்குச் செங்காளன் உருட்டல் என்று பெயர் வைத்தோம். மூன்றாவது வேண்டும் என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படி விட்டால் ஆட்டம் ஒருநாளும் முடியாது என்கிறாள் பாசல் தங்கச்சி. வருகிற ஞாயிறு கையுயர்த்தி வாக்கெடுப்பு.